மரியரட்ணத்தோடு நிற்காத கத்திகள்

மரியரட்ணத்தை விட்டு முதலாவது வில்லுக்கத்தி நடந்து போனது மாசி மாதம் பதினோராந் திகதி, பகல் ஒன்றரை மணிக்கு. யாழ்ப்பாணத்துக் குருநகரில் அன்றைக்கு வழமையான வெயில்தான். கத்தி அவருடைய சட்டைப்பையிலிருந்து இறங்கி, சிமெந்து நிலத்தைக் கடந்து, படலைக்குக் கீழால் வெளியே வந்து, வீதியின் இடப்பக்கமாகவே போனது. வில்லுக்கத்தி நடப்பதைக் காணாதவர்களுக்குச் சொல்வதானால், அலகைத் திறந்து முன்னால் ஊன்றும், பிடியைக் கிட்ட இழுக்கும், மடங்கும், திரும்பத் திறக்கும். முருங்கையில் ஏறுகிற புழு முதுகைத் தூக்கித் தூக்கிப் போகுமே, அந்த நடைதான். கோழியைவிட மெதுவாகப் போனாலும் கோழியைவிட நேராகப் போனது. எதிரே வந்த ஓட்டோக்காரர் ஒதுங்கி வழி விட்டார். வேலியோரம் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்த பெண்கள், "மரியரட்ணத்தின்ரை கத்தி போகுது" என்று ஒருவருக்கொருவர் சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்த்தார்கள்.

மரியரட்ணத்துக்கு வயது அறுபத்தெட்டு. படித்தது மூன்றாம் வகுப்பு மட்டும், அங்கே படிப்பித்ததிலும் பாதியை அவர் அப்போதே நம்பவில்லை. வானொலி சொல்கிற காலநிலையை நம்பமாட்டார். மீன் நிறுக்கிற தராசை நம்பமாட்டார். போத்தலில் அடைத்த தண்ணீரை நம்பமாட்டார். பூசை எத்தனை மணிக்கு என்று உபதேசியார் வந்து சொன்னாலும் கோயில் மணி அடித்த பிறகுதான் வேட்டி மாற்றுவார். கலியாணம் முடித்து நாற்பத்து மூன்று வருஷமாகியும், கறிக்கு உப்புப் போட்டுவிட்டேன் என்று மனைவி செபஸ்தியம்மா சொன்னால், அகப்பையை நக்கிப் பார்த்துவிட்டுத்தான் தலையாட்டுவார். அவரோடு நின்று பிடித்தது ஒரே ஒரு பழைய வில்லுக்கத்தி. அதைக்கூட அவர் நம்பினார் என்று சொல்லமுடியாது. சோதித்து முடியுமுன் முப்பத்தொரு வருஷம் போய்விட்டது. அது ஏன் அவரை விட்டுப் போகவில்லை என்றால், ஆணி இறுகிப்போய் ஒழுங்காக மடங்காத கத்தி அது, நடக்க வராது. கிழமைக்கு ஒருதரம் தீட்டித் தீட்டி, விரல் அகலமாயிருந்த அலகு நெத்தலி அகலத்துக்கு வந்து, பிறகு நூல் அகலத்துக்கு வந்து, போன தை மாதம் ஒரு திங்கட்கிழமை தீட்டுகல்லில் வைத்தபோது முடிந்துபோனது. கையில் பிடி மட்டும் மிஞ்சியது. பழக்கத்தில் அவர் இன்னும் கொஞ்ச நேரம் தீட்டினார்.

அவர் தொழிலுக்குப் போவது ஜெயசுதனின் படகில். ஜெயசுதன் அவருடைய தங்கையின் மகன். நண்டு வலைப் படகு, மூன்று பேர். மூன்றாவது ஆள் கனிசியஸ். கனிசியஸுக்குக் கால்விரல் எட்டு. நான்கு வருஷத்துக்கு முதல் மண்டைதீவுப் பக்கம் நங்கூரக் கயிறு காலில் சுற்றி இழுத்தபோது மற்ற இரண்டும் போயின. அன்றைக்கு அவருடைய இடுப்பில் கத்தி இல்லை, ஜெயசுதனிடம் கேட்டார். ஆனால் கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் கொடுத்தவனும் வாங்கியவனும் சண்டை பிடிப்பார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். கொடுக்கிறவன் கீழே வைக்க வேண்டும், வாங்குகிறவன் குனிந்து எடுக்க வேண்டும். ஒருவர் மரியாதையாக வைத்து மற்றவர் மரியாதையாக எடுத்து முடிந்த நேரத்தில் விரல்கள் இரண்டும் போய்விட்டன. "சண்டை வரேல்லைத்தானே" என்று கனிசியஸ் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அதற்குப் பிறகு ஜெயசுதன் ஒரு சட்டம் போட்டார். இடுப்பில் சொந்தக் கத்தி இல்லாதவன் தன் படகில் கால் வைக்கப்படாது. தாய்மாமன் என்றாலும் அதே சட்டம்தான்.

ஆகவே மரியரட்ணத்துக்கு ஒரு கத்தி அவசரமாகத் தேவைப்பட்டது. அவசரம் என்பதற்காகச் சோதிக்காமல் விடுகிற ஆள் அவர் இல்லை. முதலில் கத்தியைக் காதடியில் வைத்துக் குலுக்குவார். சத்தம் கேட்டால் ஆணி தொய்வு. பிறகு ஒற்றைக் கைப் பெருவிரலால் திறப்பார், ஏனென்றால் கடலில் மற்றக் கை கயிற்றில் இருக்கும். அலகின் முதுகை மரத்தில் வைத்து அழுத்துவார். பூட்டு நழுவி மடங்கினால் அது மீன் வெட்டாது, விரல்தான் வெட்டும். பிடி நான்கு விரலுக்குள் அடங்க வேண்டும், ஈரக்கையில் வழுக்கப்படாது. ஒரு பகல் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுக் கறள் பிடிக்கிறதா என்று பார்ப்பார். வலை பின்னுகிற தங்கூசி நூலை நூறுதரம் வெட்டிவிட்டு, நூற்றோராந் தரம் முழங்கை மயிரை மழிப்பார். இவ்வளவும் புத்தியுள்ள எவனும் செய்கிறதுதான். வில்லங்கம் அதற்குப் பிறகு வரும். எல்லாவற்றிலும் தேறிய கத்தியை அவர் திரும்ப முதலிலிருந்து சோதிக்கத் தொடங்குவார். ஒருக்காச் சரியாக வந்தது தற்செயலாக இருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். இரண்டாந் தரமும் தேறினால், கத்தி ஏதோ தந்திரம் செய்கிறது என்று மூன்றாந் தரம் சோதிப்பார். மூன்றாம் நாள் பகல் ஒன்றரைக்கு, அவர் சாப்பிட்டுவிட்டுச் சாய்கிற நேரம் பார்த்து, கத்தி இறங்கிப் போய்விடும்.

முதலாவது மரப்பிடிக் கத்தி மானிப்பாயில் ஜெசிதா என்கிற தையற்காரியின் மேசையில் நூல் வெட்டிக்கொண்டு சந்தோஷமாக இருப்பதாகத் தகவல் வந்தது. இரண்டாவது தொண்டைமானாற்றுப் பக்கம் போனது, அங்கே ஒரு இறால்காரர் அதைத் தன்னுடைய மடியிலேயே வைத்திருக்கிறாராம். மூன்றாவதைப் பற்றி ஒரு கதையுமில்லை. நான்காவது, பிளாஸ்ரிக் பிடி போட்டது, ஒழுங்கை முடக்கு வரை போய்விட்டுத் திரும்பி வந்தது. மரியரட்ணம் மனதுக்குள் கொஞ்சம் சிரித்துக்கொண்டார். அது தன்னுடைய உறையை மறந்துவிட்டுப் போயிருக்கிறது. உறையை இழுத்துக்கொண்டு திரும்பவும் போனது.

செபஸ்தியம்மா பொறுத்துப் பார்த்துவிட்டு, காணாமல் போனதை எடுத்துத் தருகிற அந்தோனியாரிடம் போய், போன கத்தி வந்து சேர்ந்தால் ஒன்பது செவ்வாய்க்கிழமை மெழுகுதிரி கொளுத்துவதாக நேர்ந்துகொண்டா. அந்தோனியார் சொல்லுத் தவறுகிறவர் இல்லை. மறுநாட் காலை வாசற்படியில் பதினாறு கத்திகள் வரிசையாகப் படுத்திருந்தன. அதில் ஒன்றாவது மரியரட்ணத்தினுடையது இல்லை. ஆருடைய கத்தி என்று செபஸ்தியம்மா சொல்ல மறந்திருந்தா. பத்து மணி தொடக்கம் பின்னேரம் வரை ஊர்ச் சனம் வந்து தங்கள் தங்கள் கத்தியை அடையாளம் சொல்லி எடுத்துக்கொண்டு போனது. இருபது வருஷத்துக்கு முதல் துலைத்த ஒரு பாக்குவெட்டியும் வந்திருந்தது. நேர்த்தி நேர்த்திதான் என்று செபஸ்தியம்மா ஒன்பது செவ்வாயும் மெழுகுதிரி கொளுத்தினா.

ஐந்தாவது கத்தி வெளிநாட்டிலிருந்து வந்தது. பாரிசில் இருக்கிற மகள் லவீனா கேள்விப்பட்டுக் கவலைப்பட்டு அனுப்பியது. சிவப்புப் பிடி, பதினொரு அலகு. கத்தரிக்கோல், அரம், வாள், போத்தல் திறக்கிறது, பல்லுக் குத்துகிற குச்சி எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று மடங்கியிருந்தன. பதினொன்றையும் தனித்தனியே சோதிக்க வேண்டியிருந்ததால் அதற்குப் பதினொரு மடங்கு மனம் நொந்தது. இரண்டாம் நாளே புறப்பட்டது. அதற்குக் கால்கள் கூடுதல் என்பதால் மற்றவைபோல இல்லாமல், எல்லா அலகையும் விரித்து நண்டுபோலப் பக்கவாட்டில் ஓடியது. நாவற்குழிப் பாலத்தில் அதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள். மூன்று நாளில் கொடிகாமம் போய்ச் சேர்ந்து, சந்தையில் அருமைநாயகி என்கிற மரக்கறி வியாபாரியிடம் வேலைக்கு நின்றது.

மரியரட்ணம் பஸ் ஏறிப் போனார். அருமைநாயகி பூசணிக்காய்க் குவியலுக்குப் பின்னால் இருந்தா. கத்தி அவவின் மடிக்குக் கிட்ட, ஈரச் சாக்கில் இளைப்பாறிக்கொண்டிருந்தது.

"உது என்ரை கத்தி" என்றார் மரியரட்ணம்.

"உங்கடையெண்டால் ஏனணை இஞ்சை நிக்குது?"

"நடந்து வந்திட்டுது."

"நடந்து வந்தது எனக்கும் தெரியும். காலமை சாக்கு விரிக்கேக்கை வந்து நிண்டுது. கால் முழுக்கச் சேறு. கழுவித் துடைச்சு விட்டனான். அண்டையிலிருந்து பூசணி வெட்டுது, ஒரு குறை சொல்ல ஏலாது."

"அது நல்ல கத்தியோ எண்டு சோதிச்சனீங்களோ?"

"பூசணி வெட்டுப்படுது. பேந்தென்ன சோதிக்கிறது?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே மரியரட்ணத்துக்கு அன்றைக்குத்தான் தெரியும். கையை நீட்டினார். கத்தி பதினொரு அலகையும் ஒரேயடியாக உள்ளே இழுத்துக்கொண்டு, வளைக்குள் போன நண்டுபோல அசையாமல் கிடந்தது. அருமைநாயகி பாவம் பார்த்து ஒரு பூசணித் துண்டைக் கொடுத்து அனுப்பினா. பஸ்ஸில் வரும்போது அதையும் நகத்தால் கீறிப் பார்த்தார்.

இப்படிப் பங்குனி போய், சித்திரை போய், வைகாசியும் போனது. இடுப்பில் கத்தி இருந்த நாளில் கடலுக்குப் போனார், இல்லாத நாளில் கரையில் நின்றார். பங்குனியில் ஒன்பது நாள் போனார். வைகாசியில் இரண்டு நாள். ஆனியில் ஜெயசுதன் வீட்டுக்கு வந்து கதிரையின் நுனியில் இருந்தார். செபஸ்தியம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார்.

"மாமா, நான் உங்களைப் படகாலை இறக்கேல்லை. உங்கடை கத்தியள்தான் இறக்குது."

"அதுகள் சரியில்லாத கத்தியள்."

"ஆறு கத்தியும் சரியில்லையோ?"

"அஞ்சு. ஆறாவது இன்னும் போகேல்லை."

இரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். ஆறாவது படலையடியில் போய்க்கொண்டிருந்தது.

ஜெயசுதன் தலையைச் சொறிந்தார். ரெண்டு ஆளோடு ஒரு நண்டு வலைப் படகை எத்தனை நாள் ஓட்டுவது என்று கேட்டார். றொகான் என்கிற பக்கத்து ஒழுங்கைப் பொடியன், முப்பது வயது, நல்ல தோள்மூட்டு, செம்மஞ்சட் பிடிக் கத்தியோடு ஒரு மாதமாக விடியப்புறத்தில் துறையில் வந்து நிற்கிறான். ஆடி மாதக் கோயில் திருநாள் வரை பார்க்கிறேன், திருநாளுக்கு மறுநாட் காலை உங்கள் இடுப்பில் கத்தி இல்லையென்றால் அவனை ஏற்றிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். செபஸ்தியம்மா கோப்பையை எடுக்க வந்தபோது மரியரட்ணம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறுபத்தெட்டு வயதில் கரையேறினவனைத் திரும்பக் கடலுக்குக் கூப்பிடமாட்டார்கள். துறையடி வாகை மரத்துக்குக் கீழே இருந்து சீட்டு விளையாடுகிற கிழவர்களோடு போய் இருக்க வேண்டியதுதான். அவர்கள் எல்லாரும் கள்ளம் செய்கிறவர்கள் என்பது அவருக்குத் திட்டவட்டமாகத் தெரியும்.

திருநாளுக்கு மூன்று நாள் இருக்கையில் அவர் லாபிரின் கடைக்குப் போனார். லாபிர் யாழ்ப்பாண நகரத்தில், பெரிய பள்ளிவாசலுக்குப் போகிற வழியில், இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறவர். தொண்ணூறாம் ஆண்டு ஊர் முஸ்லிம்கள் எல்லாரோடும் சேர்த்துத் துரத்தப்பட்டு, புத்தளத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு, திரும்பி வந்து தகப்பனுடைய கடையைத் திறந்தவர். கத்திகள் நடந்து போகின்றன என்று மரியரட்ணம் முதல் தடவை சொன்னபோது லாபிர் ஆச்சரியப்படவில்லை. போறதிலை என்ன அதிசயம், வந்தால்தான் அதிசயம் என்று மட்டும் சொன்னார். போன ஆறில் மூன்று அவருடைய கடையில் வாங்கியவை. மரியரட்ணம் படியேறுவதைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார்.

"அண்ணை, நீங்கள் கத்தி வாங்க வாறேல்லை. பொலிசிலை வாக்குமூலம் எடுக்கிற மாதிரியெல்லே வாறியள்."

"நல்லது ஒண்டு எடும். கடைசித் தரம்."

லாபிர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இது கறள் பிடிக்காது."

"கறள் பிடிக்காத இரும்பை என்னெண்டு நம்புறது? அது இரும்போ எண்டே தெரியாது."

"அப்ப இது. கறள் பிடிக்கும், துடைச்சு வைக்க வேணும். ஆனா கூர் நிண்டு பிடிக்கும்."

"கறள் பிடிக்கிறதை ஆர் கடலுக்குக் கொண்டு போறது?"

"இதைப் பாருங்கோ. திறந்த உடனை பூட்டு விழும். விரலிலை மடங்காது."

"விழுந்த பூட்டுப் பேந்து எழும்பாட்டில்?"

லாபிர் எழும்பினார். கடையின் நடுவில் கிடந்த வர்ணத் தகரப்பேணிகளை ஒதுக்கிவிட்டு நிலத்தில் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். கடையிலிருந்த பத்தொன்பது வில்லுக்கத்திகளையும் கொண்டுவந்து அதில் வரிசையாக வைத்தார். ஒரு முக்காலியை இழுத்துத் துணிக்கு முன்னால் போட்டு, மரியரட்ணத்தை அதில் இருக்கச் சொன்னார்.

"நீங்கள் அதுகளைச் சோதிச்சது காணும் அண்ணை. இண்டைக்கு அதுகள் உங்களைச் சோதிக்கட்டும்."

மரியரட்ணம் இருந்தார். சட்டைப் பொத்தானைச் சரிசெய்தார், கையால் தலைமயிரைப் படியவைத்தார். பெண் பார்க்க வந்த இடத்தில் மாப்பிள்ளை இருக்கிற மாதிரி இருந்தது. கத்திகள் ஒவ்வொன்றாகத் திறந்து அவரைப் பார்த்தன. பிறகு கிளம்பின. ஏழு லாபிரின் கதிரைக்குப் பின்னால் போய் ஒளித்தன. நான்கு கத்திகள் வர்ணப் பேணிக்குள் இறங்கின. ஐந்து ஏணியில் ஏறித் தட்டின் மேல் போய்க் குந்தின. கதவுப் பிணைச்சல் வாங்க வந்த றஜிதா என்கிற பெண்ணின் பையில் இரண்டு தாங்களாகவே ஏற, அந்தப் பிள்ளை என்ன செய்வதென்று தெரியாமல் பிணைச்சலோடு சேர்த்து அவற்றையும் வாங்கிக்கொண்டு போனது. கடைசி ஒன்று கொஞ்ச நேரம் யோசித்தது. மரியரட்ணம் முக்காலியின் நுனிக்கு நகர்ந்தார். அதுவும் மடங்கி எழும்பி, வாசலால் இறங்கி, பஸ் நிலையப் பக்கம் போனது. துணி வெறுமையாய்க் கிடந்தது. முக்காலியில் இருந்தவரின் முகத்தைப் பார்க்க லாபிருக்கே ஒருமாதிரி இருந்தது.

அந்த நேரம் ஆணி போட்டு வைத்திருந்த தகரப்பேணியிலிருந்து ஒரு சத்தம் கேட்டது. ஆணிகளைத் தள்ளிக்கொண்டு ஒரு கத்தி வெளியே வந்தது. லாபிர் அதை மறந்தே போயிருந்தார். எடுத்துப் பார்த்த மூன்று வாடிக்கையாளரையும் அவரையும் கடித்த காரணத்தால் ஐந்து வருஷத்துக்கு முதல் அங்கே போட்ட கத்தி. பார்வைக்கு ஒன்றுமில்லை. கறுப்புக் கொம்புப் பிடி, நான்கு விரற்கடை அலகு, தடித்த முதுகு, ஆட்டமில்லாத ஆணி. அது மரியரட்ணத்துக்குக் கிட்ட வரவுமில்லை, விலகிப் போகவுமில்லை. துணியின் ஓரத்தில் நின்று பாதி மட்டும் திறந்து அவரைப் பார்த்தது. மரியரட்ணமும் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அதைப் பார்த்தார். லாபிர் பகல் லுஹர் தொழுகைக்குப் போய்விட்டு வந்தார். இரண்டு பேரும் இருந்த இடத்திலேயே இருந்தார்கள். லாபிர் சாப்பிட்டுவிட்டு வந்தார். அப்போதும் அப்படியே. இரண்டரை மணியளவில் கத்தி எழும்பி முக்காலியை மூன்றுதரம் சுற்றி வந்து, முக்காலியின் ஒரு காலைத் தட்டிப் பார்த்தது. மரியரட்ணத்தின் இடது பெருவிரல் நகத்தில் ஒரு துண்டை வெட்டி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தது. பிறகு அவருடைய சட்டையில் ஏறி, பொத்தான் ஒன்றின் நூலை அறுத்து, நூல் எப்படி என்று ஆராய்ந்தது. நூல் சரியில்லை என்பது அதன் நிற்பிலேயே தெரிந்தது.

"உவன் கொஞ்சம் விசயம் தெரிஞ்சவன்" என்றார் மரியரட்ணம். அவர் ஒரு கத்தியைப் பற்றி நல்லதாக ஒரு சொல்லுச் சொன்னது அதுதான் முதல் தடவை.

லாபிர் கத்தியை அவருடைய கையில் கொடுக்கவில்லை. மேசையில் வைத்தார். மரியரட்ணமும் எடுக்கவில்லை. அது தானாகவே மேசையிலிருந்து இறங்கி, அவருக்கு நான்கு அடி பின்னால் நடந்து குருநகர் வரை வந்தது. போகிற வழியெல்லாம் அவர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். அதுவும் நின்று நின்று, தனக்குப் பின்னால் ஆரும் வருகிறார்களா என்று பார்த்தது.

வீட்டில் மூன்று நாள் சரியான கரைச்சல். மரியரட்ணம் அதைக் காதடியில் குலுக்கினார். அது அவருடைய காதை ஒருக்கா இழுத்துப் பார்த்தது. அவர் உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டார். அது வாளியிலிருந்து ஏறி வந்து, அவருடைய தேத்தண்ணீருக்குள் அலகை நனைத்து, சீனி சரியா என்று பார்த்தது. அவர் நூறுதரம் தங்கூசி வெட்டினார். அது அவருடைய செருப்பு வாரை வளைத்து வளைத்து, எந்த இடத்தில் அறும் என்று கண்டுபிடித்தது. சாப்பிடும்போது இரண்டு பேரும் எதிரெதிரே இருந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுப்படியில் செபஸ்தியம்மா பாரை மீனோடு நின்று களைத்துப்போனா.

"இஞ்சருங்கோ, நீங்கள் ரெண்டு பேரும் பாத்துக்கொண்டிருந்தால் மீனை ஆர் வெட்டுறது?"

"பொறு. இன்னும் முடியேல்லை."

"அதுக்கு முடிஞ்சுதோ எண்டு கேளுங்கோ."

மூன்றாம் நாள் திருநாள். பூசை முடிந்து, புனிதரின் சுருவம் வீதி சுற்றி வந்து, ஊர் முழுக்கச் சாப்பிட்டுவிட்டுக் கிடந்த பகல் ஒன்றரை மணிக்குக் கத்தி சட்டைப்பையிலிருந்து இறங்கியது. மரியரட்ணம் அன்றைக்குச் சாயவில்லை, கண்ணை மூடிக்கொண்டு முழித்திருந்தார். அது சிமெந்து நிலத்தைக் கடந்தது. அவர் எழும்பிப் பின்னால் போனார். படலையடியில் கத்தி நின்றது. அவரும் நின்றார். நாளைக்கு விடிய றொகான் அவருடைய இடத்தில் இருப்பான். முப்பது நாற்பது சொல்லு அவருடைய தொண்டைக்குள் வந்தது. கெஞ்சுகிற மாதிரி ஒரு சொல்லை அவர் நம்பி வெளியே விடுவது எப்படி.

"போறதெண்டால் போ" என்றார். "வெளியிலை உப்புக் காத்து. எண்ணெய் பூசிப்போட்டுப் போ."

உள்ளே போய் அடுப்படித் தட்டிலிருந்த தேங்காய் எண்ணெய்ப் போத்தலைக் கொண்டுவந்து, மூடியைக் கழற்றி, கொஞ்சம் ஒரு சிரட்டையில் ஊற்றிப் படலையடியில் வைத்தார். கத்தி திரும்பி வந்தது. அலகின் நுனியை எண்ணெயில் தொட்டது. தூக்கி வெயிலில் பிடித்தது. பிறகு அலகை மண்ணில் நன்றாகத் துடைத்துவிட்டு, சிரட்டையைக் கவிழ்த்துவிட்டது.

மரியரட்ணம் கவிழ்ந்த சிரட்டையை எடுத்து மணந்து பார்த்தார். அந்த எண்ணெயில் கலப்படம் இருக்கிறது என்று அவர் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். செபஸ்தியம்மா நம்பவில்லை. எண்ணெய் விற்ற கடைக்காரன் நம்பவில்லை. ஜெயசுதன் நம்பவில்லை. பாரிசிலிருந்து தொலைபேசியில் கதைத்த லவீனா, அப்பாவுக்கு வயது போகுது என்று தாயிடம் மெல்லச் சொன்னதும் அவருக்குக் கேட்டது.

"நான் சொன்னனான்தானே" என்றார் மரியரட்ணம்.

கத்தி மடங்கியது. அவர் குந்தியிருந்து உள்ளங்கையை நிலத்தில் வைத்தார். அது ஏறிக்கொண்டது. அன்றைக்குப் பின்னேரம் முழுக்க இரண்டு பேருமாக அடுப்படியில் இருந்து பருப்பு, மஞ்சள் தூள், சீனி எல்லாவற்றையும் பார்த்தார்கள். மஞ்சள் தூளும் சரியில்லை.

மறுநாட் காலை ஐந்தரைக்குத் துறையில் நான்கு பேர் நின்றார்கள். ஜெயசுதன், கனிசியஸ், செம்மஞ்சட் பிடிக் கத்தியோடு றொகான், மரியரட்ணம். ஜெயசுதன் மாமனின் இடுப்பைப் பார்த்தார்.

"கிடக்கோ மாமா?"

"ஓம், கிடக்கு."

"ஒருக்காத் திறவுங்கோ பாப்பம். திறக்காத கத்தி ஒண்டைக் கட்டிக்கொண்டு வந்திருந்தால் கனிசியஸ் அண்ணையின்ரை கதைதான்."

மரியரட்ணம் கத்தியை எடுத்துப் பெருவிரலை வைத்து அழுத்தினார். திறக்கவில்லை. இரண்டாந் தரம் அழுத்தினார். திறக்கவில்லை. றொகான் தன்னுடையதை டக்கென்று ஒற்றைக் கையால் திறந்து காட்டிவிட்டு, சாப்பாட்டுப் பையைத் தூக்கித் தோளில் போட்டான். கனிசியஸ் கடலைப் பார்த்தார். ஜெயசுதன் வாயைத் திறந்தார். என்ன சொல்ல வந்தார் என்பது எல்லாருக்கும் தெரியும்.

மரியரட்ணம் கத்தியைக் குனிந்து பார்த்தார். அகப்பையை நக்கிப் பார்க்கிற தன்னை நாற்பத்து மூன்று வருஷமாகப் பார்த்துக்கொண்டு நின்ற செபஸ்தியம்மாவுக்கு எப்படியிருந்திருக்கும் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியது. மூன்றாந் தரம் அழுத்தவில்லை. கத்தியை மெதுவாகப் படகின் விளிம்பில் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். "அவருக்கு இன்னும் உங்களிலை நம்பிக்கை வரேல்லை. பாக்கட்டும்" என்றார்.

கத்தி படகுக்குள் இறங்கி நடந்தது. இயந்திரத்தின் திருகாணிகளைத் தட்டியது. எண்ணெய்க் கலனை மணந்து பார்த்தது. வலைக் கும்பியில் ஏறி இறங்கியது. துடுப்பில் ஒரு கீறல் கீறிப் பார்த்துத் திருப்திப்பட்டது. பிறகு முன்பக்கம் சுருட்டி வைத்திருந்த நங்கூரக் கயிற்றுக்குப் போய், நீளவாக்கில் நடந்து, ஓரிடத்தில் நின்று, முழுதாய்த் திறந்து, ஒரே இழுவையில் கயிற்றை இரண்டாக வெட்டியது.

"ஐயோ, புதுக் கயிறு" என்றார் ஜெயசுதன்.

கனிசியஸ் வெட்டுவாயை எடுத்துப் பார்த்தார். வெளியே புதுக் கயிறுதான். உள்ளே இழை முழுக்கக் கறுத்து உக்கி, விரலால் நெரிக்க மாவாகக் கொட்டியது. கனிசியஸ் அதை ஜெயசுதனுடைய கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டுத் தன்னுடைய காலைப் பார்த்தார். ஜெயசுதன் கயிற்றின் உக்கின துண்டைக் கரையில் எறிந்துவிட்டு வந்து, "ஏறுங்கோ மாமா" என்றார். மரியரட்ணம் ஏறினார். பின்பக்கம் தன்னுடைய இடத்தில் இருந்தார். பலகை சரியாக இருக்கிறதா என்று இரண்டுதரம் அழுத்திப் பார்த்தார். றொகானுக்கு வேறு படகொன்றில் அந்தக் கிழமையே இடம் கிடைத்தது. அவனும் இப்போது சந்திக்கிற இடத்தில் அந்தக் கத்திக்குத் தலையாட்டிவிட்டுத்தான் போகிறான்.

அதன் பிறகு ஒவ்வொரு நாளும் கத்தி படகு முழுக்கப் பார்த்த பிறகுதான் இயந்திரம் இழுக்கிறார்கள். மற்றப் படகுகள் எல்லாம் போய்விடும். ஜெயசுதனின் படகு மட்டும் அரை மணித்தியாலம் கழித்துப் போகும். இந்த வருஷம் துறைக்குப் புதிதாக வந்த ஒருவர், ஏன் இந்தப் படகு மட்டும் இன்னும் நிற்கிறது என்று வாகை மரத்தடியில் சீட்டு விளையாடுகிறவர்களிடம் கேட்டார். கத்தி இன்னும் பார்த்து முடியவில்லை என்று ஒருவர் சீட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார். வந்தவர் சரியென்று சொல்லி, தன்னுடைய சைக்கிளைச் சாத்திவிட்டு, அவர்களோடு சேர்ந்து இருந்துகொண்டார்.